மூடாதீர்கள், முகம் தெரியட்டும்

பாண்டிருப்பில் கிளினிக் நாளன்று காலையில் பிரதான வீதியோரம் நின்றால் யாரும் பார்க்கலாம். ஒரு மோட்டார் சைக்கிள் வரும். முன்னால் தகப்பன், தலையில் ஹெல்மெட். பெற்றோல் டாங்கியின் மேல் மூன்று வயதுப் பிள்ளை. பின்னால் தாய், ஒரு பக்கமாக இருந்துகொண்டு. அவவுக்கும் ஹெல்மெட் உண்டு. இருவருக்கும் நடுவில், துவாயால் தலை முதல் கால் வரை மூடிய ஒரு பொதி. பிறந்து இரண்டு மாதமான பிள்ளை அந்தப் பொதிக்குள் இருக்கிறது. காற்றுப் படக்கூடாது, தூசு போகக்கூடாது, கண்ணூறு பட்டுவிடக்கூடாது என்றுதான் மூடியிருக்கிறார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் துவாய்க்குள் பிள்ளை மூச்சு விடுகிறதா என்பதை, அதை மடியில் வைத்திருக்கிற தாயாலேயே சொல்ல முடியாது.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று வீதி நீளத்துக்கும் இதே காட்சிதான். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதம் இதில் இல்லை. ஆகவே எல்லாருக்குமாகச் சொல்கிறேன்: இதை நிறுத்துங்கள். அடுத்த தடுப்பூசித் திகதி வரும் வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றே நிறுத்துங்கள்.

பச்சைப் பிள்ளையின் உடம்பை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நீளத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி தலைதான். அந்தத் தலையைத் தாங்கக் கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை. நாலாம் மாதமளவில்தான் தலை நிற்கும். முதல் மாதங்களில் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறது. மூக்கில் துணி ஒட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, கையால் தள்ளிவிடவும் இயலாது. மூச்சுக்குழாய் ஒடுக்கமானது, இளசு. நாடி நெஞ்சில் முட்டுமளவுக்குத் தலை குனிந்தால் அது மடங்கிவிடும். பப்பாசித் தண்டில் ஊதி விளையாடிய எல்லாருக்கும் தெரியும், தண்டு மடிந்தால் காற்றுப் போகாது.

அந்த நேரத்தில் பிள்ளை அழவும் மாட்டாது. அழுவதற்கே காற்று வேண்டும். சத்தமில்லாமல் துவண்டு போகும். தாயோ, பிள்ளை அயர்ந்து நித்திரை கொள்கிறது என்று நினைத்து, நித்திரை கலையாதபடி இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்வாள்.

2010 மார்ச்சில் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு பிள்ளை சுமக்கும் துணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் குறைந்தது 14 மரணங்களை அது விசாரித்துக்கொண்டிருந்தது. அவற்றில் 12 பிள்ளைகள் நாலு மாதம்கூட நிரம்பாதவர்கள். மூக்கும் வாயும் துணியில் அழுந்தினால் ஓரிரு நிமிடங்களில் மூச்சு அடைத்துவிடும் என்று அந்த எச்சரிக்கை சொன்னது. அதே மாதம், தோளிலிருந்து பை போலத் தொங்கும் ஒரு வகைக் கெரியர், ஏறக்குறைய பத்து லட்சம், விற்ற கடைகளிலிருந்தும் வாங்கிய வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. துணி கிழியவில்லை, கொழுவி உடையவில்லை. அதன் குற்றம் வடிவம்தான். பிள்ளை அதற்குள் வளைந்து, நாடி நெஞ்சில் பட, முகம் தாயின் விலாவில் புதைந்து கிடந்தது. நம் தாய்மார் மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துப் போகும் அந்தத் துவாய்ப் பொதிக்குள்ளும் பிள்ளை அதே மாதிரித்தான் கிடக்கிறது.

ஏணையையும் இதே கண்ணால் பாருங்கள். சீலை ஆழமாகத் தொய்ந்தால் பிள்ளையின் முதுகு வளைந்து நாடி நெஞ்சுக்கு வரும். பகலில் பக்கத்தில் ஆள் இருந்து ஆட்டி, முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. ஏணையில் போட்டுவிட்டுக் குசினிக்குள் போவது வேறு. இரவு நித்திரைக்குச் சமமான, இறுக்கமான படுக்கை வேண்டும், பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். ஓடித் திரியும் பிள்ளை வீட்டில் இருந்தால் பாவிக்காத நேரம் ஏணையைச் சுருட்டி வளையில் போட்டு விடுங்கள். அதை முறுக்கிச் சுழன்று விளையாடிக் கழுத்து இறுகிய சம்பவங்கள் இலங்கையிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியென்றால் துணியே வேண்டாம், ஒரு பிராம் வாங்கிவிடுவோம் என்று எந்தத் தங்கச்சியும் முடிவெடுத்துவிட வேண்டாம். நான் துணியின் பக்கம் நிற்பவன். பிறந்த பிள்ளைக்கு, நடக்கிற தாயின் நெஞ்சோடு சேர்ந்த இடத்தைப் போல இன்னொன்று கிடையாது. துணியைச் சரியாகக் கட்டச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற மருத்துவருக்கு இன்குபேட்டர் போதவில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் நெருக்கிக் கிடந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கிருமி தொற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் சொன்னார் அவர். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று இன்று உலகமே சொல்வது அங்கே தொடங்கியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த பிள்ளைகளை ஆய்வுக்கு எடுத்திருந்தார்கள். வழமையான முறையில் வளர்த்தவர்களில் முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 15.7. பிறந்த கையோடு தாயின் நெஞ்சில் சேர்த்து வைத்தவர்களில் 12. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததும், மற்றப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காமல் விடுவது நியாயமில்லை என்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்.

நிறைமாதப் பிள்ளைக்கும் இதில் நன்மை உண்டு. கனடாவின் மொன்றியல் நகரில் நடந்து 1986இல் வெளிவந்த ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் மற்றப் பிள்ளைகளை விட 43 வீதம் குறைவாக அழுதன. நியூயோர்க்கில் வசதி குறைந்த தாய்மாரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடம்போடு கட்டும் துணிக் கெரியர், மற்றதற்குப் பிளாஸ்டிக் இருக்கை. பிள்ளைகளுக்கு 13 மாதமானபோது, தாயிடம் உறுதியான பற்றுதலோடு இருந்தவர்கள் துணிப் பிரிவில் 83 வீதம், இருக்கைப் பிரிவில் 38 வீதம். 1990இல் வெளிவந்த ஆய்வு இது. பிராம் வாங்க வசதியில்லையே என்று கூனிக் குறுகுகிற பெண் ஒருத்தி உங்கள் ஒழுங்கையில் இருந்தால், இதைக் கொண்டுபோய் அவளிடம் சொல்லுங்கள். அவள் பிள்ளைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

அந்தத் துணிக்காக நாம் தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து ஊர் மருதமுனை கைத்தறிக்குப் பேர்போனது. மேற்கு நாடுகளில் பெரும் விலைக்கு விற்கும் பிள்ளை சுமக்கும் துணிகள் ஏழைத் தாய்மாரிடம் கற்றுக்கொண்டவைதான். அமெரிக்கத் தாதி ஆன் மூர், 1960களில் ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் பணி செய்தபோது தாய்மார் முதுகில் பிள்ளை கட்டுவதைப் பார்த்து, ஊர் திரும்பி ஸ்னக்லி என்ற கெரியரைச் செய்து 1969இல் காப்புரிமை எடுத்தார். ஜேர்மனியில் எரிக்கா ஹோஃப்மன் தன் இரட்டைப் பிள்ளைகளை மெக்சிக்கோச் சால்வையில் கட்டிப் பழகி, 1972இல் டிடிமோஸ் என்ற நெசவுத் துணி நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் தேடிப் போன பருத்தி நெசவு நமக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது.

துணி தேர்வதில் கவனம் வேண்டும். பருத்தியாக இருக்க வேண்டும், நெய்த துணியாக இருக்க வேண்டும். பனியன் துணி இழுபட்டுக்கொண்டே போகும். ஜோர்ஜெட், நைலெக்ஸ், பொலியெஸ்டர் சீலைகள் வழுக்கும், முடிச்சு இளகும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளையைப் புழுக்கிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை விட்ட இடம், பூச்சி அரித்த இடம், பழைய தையல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தரை மீற்றர்ச் சீலை தாராளமாகக் காணும். முதல் நாள் பிள்ளையைக் கட்ட வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளே நடவுங்கள், குனியுங்கள், இருந்து எழும்புங்கள். முடிச்சு இளகினால் அங்கேயே தெரிந்துவிடும்.

கட்டும்போது பிள்ளை நிமிர்ந்திருக்க வேண்டும், அதன் வயிறு உங்கள் நெஞ்சோடு. நீங்கள் தலையைக் கொஞ்சம் குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தமிடக்கூடிய உயரம். அதற்குக் கீழே இறங்கினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். கன்னம் உங்கள் நெஞ்சில் பட, முகம் பக்கவாட்டில் திரும்பி, மூக்கும் வாயும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். துணி பிடரி வரை ஏறலாம், தலையை மூடக்கூடாது. முக்காட்டுத் துணியோ முந்தானையோ பிள்ளையின் முகத்தில் விழாமல் ஒதுக்கிக் குத்திவிடுங்கள். பால் கொடுக்க இளக்கினால், கொடுத்து முடிந்ததும் மறுபடி நிமிர்த்தி இறுக்குங்கள். துணிக்குள்ளே பால் குடித்தபடி நித்திரையான பிள்ளைதான் அதிகம் வழுகிக் கீழே போகிறது. உங்கள் உடம்புச் சூடே பிள்ளைக்கு ஓர் உடுப்பு. ஆகவே தொப்பி, காலுறை, கம்பளி எல்லாம் இந்த ஊர் வெயிலுக்கு வேண்டாம். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால், அல்லது தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தால், முதலில் குடும்பநல மாதுவிடமோ டொக்டரிடமோ கேளுங்கள். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் மாது வீட்டுக்கே வருகிறா. ஒரு சீலையை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டிக் காட்டி, சரியா என்று அவவிடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு காலையும் நேராக நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்குக் கேடு. யப்பானில் 1975இல் தொடங்கி, பச்சைப் பிள்ளையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். 100க்கு ஒன்று முதல் மூன்றரை வரை இருந்த இடுப்பு விலகல், 0.2க்கும் கீழே இறங்கியது. துணியில் இருக்கும் பிள்ளையின் முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடை விரிந்து, துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மற்ற மடிப்பு வரை தாங்க வேண்டும். நம் அம்மம்மாவும் உம்மம்மாவும் இடுப்பில் தூக்கிய பிள்ளைக்குக் கால் இப்படித்தான் இருந்தது.

அப்பாமார், வாப்பாமார் இதைத் தாயின் வேலை என்று ஒதுங்கக்கூடாது. நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும் ஆணைப் பார்த்துச் சிரிக்கிற ஊராக நாம் இருக்கவும் கூடாது. நபிகள் நாயகம் (ஸல்) தன் பேத்தி உமாமாவைத் தூக்கியபடி தொழுததையும், ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்பும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. தொழுகையிலேயே தூக்கினார் என்றால் தெருவில் தூக்க என்ன வெட்கம்? பிள்ளை பெற்று முப்பத்தொன்றோ நாற்பதோ கழிந்த பெண், வயிற்றில் தையலோடும் இரவுக் கண்விழிப்போடும் இருக்கிறா. அவவின் தோளிலிருந்து ஒரு மணித்தியாலம் அந்தப் பாரத்தை வாங்குவது கணவனின் கடமை, உபகாரம் அல்ல.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருகிறேன். துணி, நடக்கிறவர்களுக்கு உரியது. சில்லில் போகிறவர்களுக்கு அல்ல. இதில் விதிவிலக்குத் தேடாதீர்கள். சரியாகக் கட்டிய துணிகூட மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் காப்பாற்றாது. மோதும்போது உங்கள் உடம்புக்கும் வீதிக்கும் நடுவில் அகப்படுவது பிள்ளைதான். பச்சைப் பிள்ளைக்கு ஹெல்மெட் போட முடியாது, அதன் பாரத்தையே அந்தக் கழுத்துத் தாங்காது. உலகில் வீதி விபத்தில் இறப்பவர்களில் பத்தில் மூன்று பேர் இரு சில்லு, முச்சில்லு வாகனங்களில் போகிறவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்த சட்டம் அந்தத் துவாய்ப் பொதிக்கு எதையும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் இயலாது. ஹபாயாவின் நுனியோ சீலைத் தலைப்போ சங்கிலியில் சிக்கினால் பின்னால் இருப்பவர் பிள்ளையோடு விழுவார். நடைபாதை இல்லாத ஏ-4 வீதியில், பஸ்ஸும் லொறியும் முந்திப் போக, கிறவல் கரையில் சில்லு இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கரையில் எல்லாக் குடும்பத்துக்கும் அது தெரியும்.

எங்களிடம் மோட்டார் சைக்கிள் மட்டும்தானே இருக்கிறது என்பீர்கள். உண்மை. கஷ்டம் எனக்கும் தெரியும். அதற்காகத்தான் இதை ஊருக்குச் சொல்கிறேன், ஒரு குடும்பத்துக்கு மட்டும் அல்ல. கிளினிக் கிட்ட இருந்தால் வெயில் ஏறும் முன் துணியில் கட்டி நடந்து போகலாம். தூரமென்றால் ஒரே ஒழுங்கையில் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்ற இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓட்டோ பிடிக்கலாம், காசைப் பகிரலாம். ஓட்டோவில் தாய் நடுவில் இருக்க வேண்டும், திறந்த பக்கத்தில் அல்ல; பிள்ளை நெஞ்சில் நிமிர்ந்திருக்க, ஒரு கை அதன் முதுகிலும் மறு கை கம்பியிலும். ஓட்டோ ஓட்டும் தம்பிமாரே, கைப்பிள்ளை ஏறினால் ஓட்டத்தைக் குறையுங்கள், பள்ளத்தில் மெதுவாக இறக்குங்கள், அவசரக்காரனுக்கு வழி விடுங்கள். பஸ்ஸில் கைப்பிள்ளையோடு ஒரு தாய் ஏறினால் இளவட்டங்கள் எழும்ப வேண்டும், நடத்துநர் சொல்லும் வரை இருந்து பார்க்கக்கூடாது. கார் உள்ள வீட்டார் கிளினிக் நாளில் பக்கத்து வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அந்தக் காரிலும் பிள்ளை மடியில் அல்ல, பின்னிருக்கையில் பின்னோக்கிப் பூட்டிய பிள்ளை இருக்கையில் போக வேண்டும்.

பிராம் வாங்குகிறவர்களுக்கு. நம் ஊரில் பிராம் பெரும்பாலும் கடையில் பார்த்து வாங்கியதல்ல. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ கார்கோப் பெட்டியில் வருவது. முகம் பார்க்காத பிள்ளைக்கு ஒரு வாப்பா, ஓர் அப்பா, ஒரு மாமா அனுப்புகிற பாசம் அது. அனுப்புகிற தம்பியே, நிறத்தையும் பேரையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பிள்ளை சமமாக மல்லாந்து படுக்க வேண்டும். முதுகுத் தட்டு முழுதாகக் கிடைக்கு வராத பிராம் பச்சைப் பிள்ளைக்கு உதவாது; சாய்ந்து உட்கார வைத்தால் நாடி மறுபடி நெஞ்சுக்கு வந்துவிடும். காரில் பூட்டும் கூடையையே பிராமிலும் பூட்டும் வகை இப்போது அதிகம். காரை விட்டு இறங்கியதும் அதிலேயே பிள்ளையைத் தூங்க விடுவதுதான் அதன் ஆபத்து. அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை நித்திரையில் இறந்த 11,779 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது 348 பேர் இப்படிப்பட்ட இருக்கைகளில் இறந்திருந்தார்கள். அவற்றில் பெரும்பான்மை கார் இருக்கை.

குடை போல மடியும் மெல்லிய பிராமை 1965இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மடியும் சில்லுக் கால்களை வடிவமைத்தவர் அவர். மூன்று கிலோவுக்கும் குறைந்த அந்த வண்டி உலகமெங்கும் தாய்மாரின் கைப்பாரத்தைக் குறைத்தது. ஆயினும் அதே பேரில் வந்த பிராம்கள் சுமார் பத்து லட்சம், 2009இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. மடிக்கும் மூட்டில் பிள்ளைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. எந்தப் பிராமானாலும், பிள்ளை இரண்டு எட்டுத் தள்ளி நிற்கும்போது மட்டும் விரியுங்கள், மடியுங்கள்.

பிரேக் காலால் ஒரே மிதியில் விழ வேண்டும், விழுந்ததா என்று தள்ளிப் பார்க்க வேண்டும். 2009 ஒக்டோபரில் மெல்பேர்னில் ஒரு ரயில் மேடையில் தாய் கையெடுத்த ஒரு கணத்தில் பிராம் உருண்டு தண்டவாளத்தில் விழுந்து ரயிலுக்கு அடியில் போனது; அந்தப் பிள்ளை தப்பியது அருள். நம்மிடம் ரயில் இல்லை, திறந்த வடிகானும் பிரதான வீதியும் உண்டு. கைபிடியில் ஒரு பட்டியைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஐந்து முனைப் பட்டி, இரு தோள், இரு இடுப்பு, கவட்டிடை, ஒவ்வொரு தடவையும். கைபிடியில் மரக்கறிப் பையைத் தொங்கவிட்டால் வண்டி பின்னால் கவிழும். கடற்கரை மணலிலும் கிறவல் ஒழுங்கையிலும் சின்னச் சில்லு புதையும். இந்தப் பக்கத்துக்குப் பெரிய சில்லு வேண்டும். அனுப்புகிற தம்பியே, வாங்கும் முன் வாசல் அகலத்தை வீட்டில் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளையின் முகம் தள்ளுகிறவரைப் பார்க்கிற பிராம் நல்லது. 2008இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வில், முகம் பார்த்திருக்கும் பிள்ளையோடு பெற்றோர் இரு மடங்குக்கு மேல் பேசினார்கள். பேச்சு பிள்ளைக்குச் சாப்பாடு மாதிரி வேண்டியது. வெயிலுக்காகப் பிராமின் வாயைத் துணியால் மூடுகிற பழக்கத்தை அடியோடு விடுங்கள். சுவீடனில் ஒரு பத்திரிகை 2014இல் இதைச் சோதித்தது. துணி மூடாத பிராமுக்குள் 22 பாகை இருந்தது; மெல்லிய துணியால் மூடியதும் அரை மணியில் 34, ஒரு மணியில் 37 பாகை. கல்முனை வெயிலில் அது எங்கே போய் நிற்கும்? பதினொரு மணிக்கு முன் போய் வாருங்கள், நிழலில் நில்லுங்கள், வண்டியின் மூடியை மட்டும் இழுத்து விடுங்கள். திரௌபதை அம்மன் தீமிதிப்புச் சனத்துக்குள்ளும் பெருநாள் கடைத்தெருவுக்குள்ளும் பிராம் கொண்டு போகாதீர்கள். கழுத்து நின்ற பிள்ளை அங்கே உங்கள் நெஞ்சிலோ இடுப்பிலோ இருக்கட்டும். பச்சைப் பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.

ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளதில் நல்ல வாகனம் அதன் கால். கையைப் பிடித்து நடத்துங்கள், நேரம் போனாலும் போகட்டும். களைத்தால் முதுகில் கட்டலாம், பிராமில் வைக்கலாம். நடக்கப் பழக்குகிறேன் என்று வோக்கர் மட்டும் வாங்காதீர்கள். கனடா 2004இல் அதை விற்கவே தடை செய்துவிட்டது. படியில் உருண்டு தலை உடைந்த பிள்ளைகள் அத்தனை பேர். பிள்ளை பார்க்கப் போகும்போது வோக்கரைப் பரிசாகக் கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கைத்தறிச் சீலை கொடுங்கள்.

கடன்பட்டுப் பிராம் வாங்காதீர்கள். நகையை அடகு வைத்து வாங்கிய வண்டியைப் பிள்ளை அறியாது. கடைக்கார முதலாளிமாரே, ஒரு தாய் வந்து கேட்டால் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று முதலில் கேளுங்கள். பச்சைப் பிள்ளைக்கு ஒத்துவராததைக் கையில் கொடுத்துவிட்டுக் காசை எண்ணுவது ஹலாலான வியாபாரமும் இல்லை, தர்மமான வியாபாரமும் இல்லை. மாநகர சபையில் இருப்பவர்களே, பாடசாலை, கிளினிக், ஆஸ்பத்திரி இருக்கிற இடங்களிலாவது ஒரு பிராம் போகுமளவுக்கு நடைபாதை போட்டு, வடிகானுக்கு மூடி போடுங்கள். அதுவரை தாய்மார் வீதிக்குள் இறங்கித்தான் நடப்பார்கள்.

பிள்ளை வளர்ந்த வீட்டில் பிராம் சும்மா கிடந்தால் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள், பட்டியைப் பூட்டி இழுத்துப் பாருங்கள், மடிப்பு மூட்டின் ஆணி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். கொழுவி உடைந்தது, பிரேக் பிடிக்காதது என்றால் யாருக்கும் கொடுக்க வேண்டாம், மதிலோரம் வைத்துவிடவும் வேண்டாம். சில்லைக் கழற்றி, பட்டியை அறுத்து, வேறு எவரும் எடுத்துப் பிள்ளையை வைக்க முடியாதபடி செய்து பழைய இரும்புக்குப் போடுங்கள்.